பாவு அறுந்ததாம்

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. இருட்டு இன்னும் விலகவில்லை. தெருவில் பாவு போட்டிருந்தோம். மாம்பழ நிறம். தறி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் ஒரு பாவு என்றால் மூன்று புடவைக்கான நீளம். அதை விரிக்கிற அளவுக்கு எந்த நெசவாளன் வீட்டிலும் இடம் கிடையாது, தெருதான் இடம். இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழையை இழையிலிருந்து பிரித்துவிட்டு, அறுந்தது இருந்தால் கண்டுபிடித்து முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். ஊர் தூங்கும்போது செய்கிற வேலை.

அந்தப் பாவை வெட்டினார்கள். ஊர்ப் பக்கமிருந்து இரண்டு பைக்கில் வந்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரின் பெயரும் அவர்கள் அப்பன் பெயரும் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொடுவாள் ஒன்றுதான். பட்டு ஒரே வெட்டில் விழாது, வழுக்கும். வைத்திருந்தவன் மூன்று முறை ஓங்கினான். விறைப்பாகக் கட்டிய பாவு அறுபட்டால் அப்படியே கீழே விழுவதில்லை, இரண்டு பக்கமும் சுண்டிக்கொண்டு ஓடும். ஒரு பக்கம் ஓடிய இழைகள் சாக்கடை ஓரம் போய்ச் சுருண்டன. கஞ்சிச் சட்டியோடு நின்றிருந்த என் தங்கை கத்தவில்லை. சட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து இழைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும்.

காரணம் கேட்பீர்கள். அதற்கு முந்தின வாரம், அம்மன் தேர் எங்கள் தெருவுக்கும் வரட்டும் என்று கேட்டிருந்தோம். அவ்வளவுதான். எங்களிடம் கோயில் வரி வாங்கமாட்டார்கள். வரி வாங்கினால் உரிமை வந்துவிடும் என்ற கணக்கு. நாங்களே வரியைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றோம், அதுதான் குற்றம்.

மறுநாள் காலை டீக்கடையில் பேப்பர் வந்தது. பெரிய நாளேடு, பெயர் வேண்டாம். ஏழாம் பக்கம், கீழே, ஒன்பது வரி. எனக்கு மனப்பாடம். காஞ்சிபுரம் அருகே கோயில் திருவிழா தொடர்பாக இரு தரப்பினரிடையே மோதல் ஏற்பட்டதாம். இதில் நெசவுப் பாவு அறுந்து சேதமடைந்ததாம். போலீசார் குவிக்கப்பட்டுள்ளனராம். பதற்றம் நிலவுகிறதாம்.

பாவு அறுந்ததாம்! பாவு தானாக அறுவது எப்போது என்று எங்களைக் கேளுங்கள், சொல்கிறோம். அச்சில் பிசிறு இருந்தால் இழை அறும். நாடா முனை சொரசொரப்பானால் அறும். மழைக்காலத்து ஈரத்தில் அறும். கொடுவாள் பட்டால் அறுவதில்லை ஐயா, அறுக்கப்படும். அறுத்தவன் இருக்கிறான். அவனுக்குக் கை இருக்கிறது, பெயர் இருக்கிறது, பைக்குக்கு நம்பர் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா தன்வினை, பிறவினை என்று கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப்போடுவார். அறுந்தது, அறுத்தது. எரிந்தது, எரித்தது. பரீட்சைக்கு இரண்டு மார்க். ஒரு மெல்லின ஒற்றை எடுத்துவிட்டு ஒரு வல்லின ஒற்றைப் போட்டால் குற்றவாளி உள்ளே வந்து நிற்பான், திருப்பிப் போட்டால் அவன் காணாமல் போவான். இரண்டு மார்க் சமாசாரம் என்று நினைத்திருந்தேன். ‘ந்’ போடுவதா ‘த்’ போடுவதா என்று தீர்மானிக்கிற நாற்காலி சென்னையில் ஏதோ ஒரு ஏ.சி. அறையில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

செய்தி கொடுத்த பையனைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். நல்ல பையன்தான். “இன்னாப்பா, வெட்டுனவன் பேரு எங்க?” என்றேன். “அண்ணா, சத்தியமா எழுதிக் குடுத்தேண்ணா. டெஸ்க்ல தூக்கிட்டாங்க. சென்சிடிவ் மேட்டராம்” என்றான். யாருக்கு சென்சிடிவ் என்று கேட்டேன். தரையைப் பார்த்தான். அவனுக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வந்த செய்திக்குத் துட்டு. ஆடித் திருவிழா சிறப்பு மலருக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். விளம்பரம் கொடுப்பவர்கள் யார்? தேர் எங்கள் தெருவுக்கு வரக்கூடாது என்றவர்களின் அண்ணன் தம்பி, மாமன் மச்சான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனும் கூலிக்கு நெய்கிறவன்தான்.

கோபம் அதற்கப்புறம் நடந்ததில் இருக்கிறது. அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடுங்கள் என்றோம். 1989-இல் பார்லிமென்ட் போட்ட சட்டம், எங்களுக்காகவே போட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நாளேட்டை எடுத்து எங்கள் முன்னால் விரித்தார். “பேப்பர்லயே இரு தரப்பு மோதல்னுதானே வந்திருக்கு? ஒரு பக்கம் மட்டும் எப்படிப் போடறது?” என்றார். எங்கள் ஆட்கள் ஐந்து பேர் மேலும் வழக்கு. பேப்பருக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். போலீஸ் சொன்னது என்றார்கள். ஆக, போலீஸ் சொன்னது பேப்பரில் வரும், பேப்பரில் வந்ததை அதிகாரி எடுத்துக் காட்டுவார். வெட்டுப்பட்டவன் இந்த வட்டத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம்.

‘இரு தரப்பு’ என்ற சொல் மேலேயே எனக்குப் பகை என்று நினைக்காதீர்கள். எங்கள் காஞ்சிபுரத்திலேயே நிஜமான இரு தரப்புச் சண்டை ஒன்று உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலைக்கும் தென்கலைக்கும் நடப்பது. நூறு வருஷத்துக்கு மேலாகக் கோர்ட்டு, மேல்கோர்ட்டு என்று ஓடுகிறது. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று அடித்துக்கொண்டதை ஊரில் கதையாகவே சொல்வார்கள். அங்கே தள்ளுமுள்ளு நடந்தால் நாளேடுகளுக்குக் கை நடுங்குவதில்லை. எந்தத் தனியன் சுலோகத்தை யார் முதலில் சொன்னார்கள், எந்தத் தீர்ப்பு யாருக்கு என்ன உரிமை தந்தது, அவர்கள் என்ன சொல்கிறார்கள், இவர்கள் என்ன சொல்கிறார்கள், எல்லாம் வரும். இரண்டு தரப்புக்கும் பெயர் உண்டு, வாய் உண்டு, வரலாறு உண்டு. அப்படி எழுதுவது சரி. அதைத்தான் நானும் கேட்கிறேன். எங்கள் விஷயத்தில் மட்டும் பெயர் இல்லாத இரண்டு தரப்பு, காரணம் இல்லாத ஒரு மோதல், செய்தவன் இல்லாத ஒரு சேதம்.

இதே காஞ்சிபுரம் பத்திரிகையின் பலத்தை அறியாத ஊரா? 1942-இல் அண்ணா ‘திராவிட நாடு’ வார இதழை இங்கிருந்துதான் தொடங்கினார். நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. பெரிய ஏடுகள் தன் பேச்சைப் போடாது என்று அவருக்குத் தெரியும், அதனால் தானே அச்சடித்தார். அவருக்கு முன்னால் நீதிக் கட்சிக்காரர்கள் 1917-இல் அதையே செய்தார்கள். ஆங்கிலத்தில் ‘ஜஸ்டிஸ்’, தமிழில் ‘திராவிடன்’. அவர்கள் யாரைப் பார்த்து ‘உங்கள் பேப்பரில் எங்களுக்கு இடமில்லை’ என்றார்களோ, அந்த ‘தி இந்து’வே பிறந்த கதை என்ன? 1878-இல் முத்துசாமி ஐயரை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக்கியபோது வெள்ளைக்காரர்களின் ஏடுகள் குதித்தன, ஓர் இந்தியன் அந்த நாற்காலியில் உட்காருவதா என்று. அந்த அவமானம் பொறுக்காமல் திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர் கடன் வாங்கிய காசில் 80 பிரதி அச்சடித்தார்கள். நிறத்தைக் காட்டி ஒதுக்கியதற்குப் பதில் சொல்லத்தான் அந்த ஏடு வந்தது.

எனக்கு அந்த ஆறு பேர் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் பட்ட அவமானத்துக்கு ஓர் ஏடு கிடைத்தது, ஏடு வளர்ந்தது, நிறுவனமானது. 15 வருஷம் கழித்து, 1893-இல், எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர் ரெட்டைமலை சீனிவாசன் தம் சாதிப் பெயரையே தலைப்பாக வைத்து ‘பறையன்’ என்று பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லால் அடித்தார்களோ அதையே தூக்கி மேலே கட்டினார். 1907-இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். பெயரிலேயே விலை. அந்த அவமானங்கள் ஏன் நிறுவனமாகவில்லை? திறமை இல்லையா, விஷயம் இல்லையா? விளம்பரம் கொடுக்க யாரும் இல்லை, ஏஜென்சி எடுக்க யாரும் இல்லை. 1920-இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்குகிறார் என்று காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டதற்கே புனேயின் ‘கேசரி’ மறுத்துவிட்டது. செய்தியாக அல்ல, காசுக்கு விளம்பரமாகக்கூட இடமில்லை!

கீழ்வெண்மணியைச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. 1968 டிசம்பர் 25. கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கு, ராமய்யா என்பவரின் குடிசைக்குள் ஓடி ஒளிந்த பெண்கள், கிழவர்கள், குழந்தைகள் என்று 44 பேரை வெளியிலிருந்து பூட்டி எரித்தார்கள். அன்றைக்கு முதலமைச்சர் எங்கள் ஊர்க்காரர் அண்ணா, உயிர் போகிற நோயில் இருந்தார். அன்றைய நாளேடுகள் பலவற்றில் அது எப்படி வந்தது தெரியுமா? கிசான்களுக்குள் மோதல் என்று. எரித்த மிராசுதாரும் கிசான், எரிந்த கூலியாளும் கிசான். இரு தரப்பு விவசாயிகள்! வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, பெரிய நிலக்கிழார்கள் இப்படி நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற வாதம் தீர்ப்பிலேயே ஏறியது, மிராசுதார்கள் விடுதலையானார்கள். அந்த நம்பிக்கை நீதிபதியின் மனதில் மட்டும் முளைத்ததா? தினம் காலையில் காபியோடு படித்த எழுத்தில் அதற்கு விதை இல்லையா?

அதே 1968-இல்தான் அமெரிக்காவில் கெர்னர் கமிஷன் அறிக்கை வந்தது. முந்தின வருஷம் நகரங்கள் பற்றி எரிந்ததன் காரணத்தைத் தேடச் சொல்லி அதிபர் ஜான்சன் போட்ட கமிஷன். அதில் பத்திரிகைகளுக்கு என்று தனி அத்தியாயம். இந்த நாட்டுப் பத்திரிகைகள் வெள்ளைக்காரன் கண்ணால்தான் உலகத்தைப் பார்க்கின்றன, கறுப்பர்கள் அதில் ஆட்களாகவே இல்லை என்ற பொருளில் அரசாங்கக் கமிஷனே எழுதிவைத்தது. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவரவில்லை. ஆனால் கேள்வியாவது அரசு முத்திரையோடு எழுந்தது.

அதன் விளைவோ என்னவோ, அந்தக் கேள்வியை இங்கே கொண்டுவந்தவரும் ஒரு கறுப்பர்தான். 1996-இல் டெல்லியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நிருபராக இருந்த கென்னத் கூப்பர், ஒரு செய்திக்காகத் தலித் பத்திரிகையாளர் ஒருவரிடம் பேச வேண்டும், யாராவது இருக்கிறார்களா என்று மூத்த பத்திரிகையாளர் பி.என். உனியாலிடம் கேட்டார். உனியால் தேடினார். அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேர் பட்டியலைப் புரட்டினார், தெரிந்தவர்களை எல்லாம் கேட்டார். ஒருவர் கிடைக்கவில்லை. அத்தனை வருஷம் அந்தத் தொழிலில் இருந்தும் இந்தக் கேள்வி தனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கப்பட்டு ‘பயனியர்’ நாளேட்டில் எழுதினார். வெட்கப்பட்டதற்காக அவரைக் கும்பிடலாம். 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் மறுபடி எண்ணிப் பார்த்தன. செய்தி நிறுவனங்களில் தலைமைப் பொறுப்பு 121. அதில் 106 உயர்சாதியார். தலித், பழங்குடி: பூஜ்யம். 23 வருஷத்தில் பூஜ்யம் பூஜ்யமாகவே பத்திரமாக இருந்திருக்கிறது.

ஆள் இல்லாவிட்டால் என்ன, எழுத்து நியாயமாக இருந்தால் போதாதா என்று சில நல்லவர்கள் கேட்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 31-ஐ நினைத்துப் பாருங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் விரித்து ஒரு வாரம் ஆகவில்லை. தினமலரின் ஈரோடு, சேலம் பதிப்பு முதல் பக்கத்தில் அதைச் செய்தியாக்கியது. எப்படி? பிள்ளைகள் இரண்டு முறை சாப்பிடுவதால் பள்ளிக் கழிப்பறை நிரம்பி வழிகிறது என்று. முதலமைச்சர் கண்டித்தார், ஊரே கொதித்தது, அதே பெயரில் வேறு ஊர்களில் வரும் பதிப்புகளே எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று விலகிக்கொண்டன. ஆனால் அந்தத் தலைப்பு எழுதிய கைக்கு அது எழுதும்போது கூசவில்லையே, அதைச் சொல்கிறேன். அங்கே சாப்பிடுகிற பிள்ளை தன் வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் வயிறு கண்ணில் பட்டிருக்கும். என் தங்கை மகள் அந்த உப்புமாவைத்தான் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காருகிறாள். விடியலில் தெருவில் பாவு கிடக்கும்போது எந்த வீட்டில் ஐயா அடுப்பு எரியும்?

சொல்லை மாற்ற முடியாது என்று நான் சொல்லவில்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களை வெட்டிக் கொன்றால் ‘கவுரவக் கொலை’ என்று கூசாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். கொன்றவனுக்குக் கவுரவத்தையும் கூடவே பொட்டலம் கட்டிக் கொடுக்கிற சொல். எத்தனையோ பேர் மேடைமேடையாகக் கத்திக் கத்தி இன்று அதே ஏடுகள் ‘ஆணவக் கொலை’ என்று எழுதுகின்றன. அரசாங்க ஆவணங்களில் எங்கள் குடியிருப்பைக் குறிக்கிற ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். கத்தினால் நடக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு தலைமுறை என்ற விலையில் நடக்கிறது. ‘இரு தரப்பு’ எந்தத் தலைமுறையில் போகும் என்று என் தங்கை மகள்தான் பார்க்க வேண்டும்.

பழைய தப்பை ஒத்துக்கொள்ளவும் முடியும். இங்கிலாந்தின் ‘கார்டியன்’ நாளேடு 2023-இல் ஒரு காரியம் செய்தது. தறிக்காரன் என்பதால் அந்தச் செய்தியை நான் இரண்டு முறை படித்தேன். 1821-இல் மான்செஸ்டரில் அதைத் தொடங்கியவர் பருத்தி வியாபாரி. அவருக்குப் பணம் போட்டவர்கள் 11 பேர். அவருக்கும் அந்தப் பதினொன்றில் ஒன்பது பேருக்காவது அடிமை வியாபாரத்தோடு தொடர்பு, பெரும்பாலும் பஞ்சு வழியாக. அடிமைகள் எடுத்த பஞ்சு, மான்செஸ்டர் மில், அதில் வந்த லாபம், அதில் வந்த ஏடு. ஆராய்ச்சியாளர்களை வைத்துத் தோண்டி எடுத்து, மன்னிப்புக் கேட்டு, ஈடு செய்ய ஒரு கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்கினார்கள். இருநூறு வருஷம் கழித்துக் கேட்ட மன்னிப்பு யார் வயிற்றை நிரப்பும் என்று கேட்கலாம். ஆனாலும் தன் பழைய கட்டைத் தானே பிரித்து, ‘இந்த இழை ரத்தத்தில் தோய்ந்தது’ என்று காட்டினார்கள். கீழ்வெண்மணிச் செய்தியை அன்றைக்கு நாங்கள் எழுதிய விதம் தப்பு என்று எந்தத் தமிழ் நாளேடும் முதல் பக்கத்தில் எழுதி நான் படித்ததில்லை. படித்திருந்தால் வெட்டி ஒட்டி வைத்திருப்பேன்.

வெட்டுப்பட்ட பாவு கதையை முடிக்கிறேன். பாவு எங்களுடையது அல்ல, முதலாளியுடையது. பட்டும் ஜரிகையும் அவர் கொடுப்பார், நாங்கள் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். வீணான பாவு எங்கள் முன்பணக் கணக்கில் ஏறியது. அதைக் கழிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பட்டு நெசவு என்றால் முதலியார், தேவாங்கர், சாலியர் என்று புத்தகங்களில் போடுவார்கள். சுற்றுக் கிராமங்களில் நாங்களும் தறிக்குழியில் கால் வைத்திருக்கிறோம் என்பது அந்தக் கணக்கில் வராது. 2019-இல் அந்த வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து அத்தி வரதர் வெளியே வந்து 48 நாள் இருந்தார். இன்றைக்கு சுவாமிக்கு என்ன நிறப் பட்டு என்று தினம் செய்தி. நெய்தவன் யாரென்று ஒரு நாளாவது வருகிறதா என்று விளையாட்டாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன தீபாவளிக்கு முன்னால் அதே நாளேட்டிலிருந்து ஒரு போட்டோகிராபர் வந்தார். பஸ் ஸ்டாண்டில் நான் பிடித்த பையன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். என் தறியில் அன்றைக்கு முந்தி ஏறிக்கொண்டிருந்தது, அரக்கில் தங்க ஜரிகை. ஒரு மணி நேரம் எடுத்தார். லைட் போதவில்லை என்று ஓட்டில் கண்ணாடி இருக்கிற பக்கம் திரும்பச் சொன்னார். “பெரியவரே, கையை மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னால” என்றார். பெயர் கேட்டார், சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். தெருப் பெயரும் கேட்டார், அதையும் சொன்னேன்.

படம் வந்தது. இந்த முறை முதல் பக்கம், கலரில். என் இரண்டு கை, நாடா, அரக்குப் புடவை. கீழே ஒரு வரி: தீபாவளியை முன்னிட்டு காஞ்சிபுரத்தில் மும்முரமாக நெய்யப்படும் பட்டுப் புடவை.

தங்கை அதை வாங்கிப் பார்த்தாள். “இது உன் கைதானா?” என்றாள். கட்டைவிரல் தழும்பைக் காட்டினேன்.